பிள்ளை ஹெட்செட் கேட்கிறானா? வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்



பெருநாள் முடிந்தால் பல வீடுகளில் இந்தப் பேச்சு எழுகிறது. சேர்ந்த பெருநாள் காசில் மைக் வைத்த கேமிங் ஹெட்செட் வேண்டும் என்கிறான் மகன். "விளையாட்டுக்கு இவ்வளவு செலவா?" என்கிறார் அத்தா. "ஆன்லைன் குர்ஆன் வகுப்புக்கும் ஆகுமே" என்கிறான் பிள்ளை. இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. வாங்குவதென்று முடிவானால், விவரம் தெரிந்து வாங்குவது நல்லது.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பவை பெரும்பாலும் முக்கியமானவை அல்ல. '50 மி.மீ. டிரைவர்' என்றால் உள்ளே இருக்கும் ஸ்பீக்கரின் அளவு. அளவு பெரிதாக இருப்பதால் மட்டும் ஒலி நன்றாகிவிடாது. '7.1 சரவுண்ட்' என்பது பெரும்பாலான ஹெட்செட்களில் இரண்டே ஸ்பீக்கரை வைத்து மென்பொருள் செய்யும் வேலை. வண்ண விளக்கோ, மாட்டியிருப்பவன் கண்ணுக்கே தெரியாது! இவற்றுக்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண்விரயம்.

பார்க்க வேண்டியவை நான்கு.

முதலாவது, மைக். கடையிலேயே போனில் மாட்டி, மின்விசிறி ஓடும் இடத்தில் சூரத்துல் ஃபாத்திஹாவை ஓதிப் பதிவு செய்து கேளுங்கள். ஸீனும் ஸாதும் பிரிந்து கேட்கிறதா? கேட்கவில்லையென்றால் உஸ்தாத் எப்படிப் பிழை திருத்துவார்? வாய்க்கு அருகே வளைத்து வைக்கும் மைக் நல்லது. அதை அணைக்கத் தனிப் பொத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது, இணைப்பு. ப்ளூடூத் ஹெட்செட்டில் பாட்டு நன்றாகக் கேட்கும். ஆனால் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது ஒலியின் தரம் பெரும்பாலும் குறைந்துவிடும். 'ஸ' போன்ற எழுத்துகளின் கூர்மையே முதலில் மழுங்கும். வயர் உள்ளது விலையும் குறைவு, சார்ஜ் போடும் தொல்லையும் இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் மைக்குக்குத் தனி ஓட்டை, ஸ்பீக்கருக்குத் தனி ஓட்டை இருந்தால், ஒற்றைப் பின் ஹெட்செட்டுக்கு ஒரு ஸ்பிளிட்டர் தேவைப்படும். சில போன்களில் அந்த ஓட்டையே இருக்காது. போனையும் கையோடு கொண்டுபோய்ப் பாருங்கள்.

மூன்றாவது, எடை. பத்து நிமிடமாவது மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். காதை அழுத்தினாலோ, கண்ணாடிக் கம்பி குத்தினாலோ வேறு பாருங்கள்.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் பெரியது: சத்தம். உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச்செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அதிகச் சத்தத்தால் போன கேள்வித்திறனை எந்த மருந்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதற்குச் சொல்லும் எல்லை, பெரியவர்களுக்கு 80 டெசிபல், பிள்ளைகளுக்கு 75 டெசிபல். 3 டெசிபல் கூடினால் கேட்கலாம் என்ற நேரம் பாதியாகக் குறைகிறது. 90 டெசிபலில் பெரியவர்களுக்கே வாரத்துக்கு 4 மணி நேரம்தான். துப்பாக்கிச் சத்தம் நிறைந்த விளையாட்டை இரவெல்லாம் ஆடும் பிள்ளை இந்தக் கணக்கை எத்தனை நாளில் தாண்டுவான்?

டெசிபல் அளக்கக் கருவி வேண்டியதில்லை. ஒலியளவு 60 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு கை தூரத்தில் நின்று சாதாரணக் குரலில் கூப்பிடுங்கள். திரும்பவில்லையென்றால் சத்தம் அதிகம். மணிக்கொரு முறை கழற்றி வைக்கச் சொல்லுங்கள். காதில் 'ங்ஙீ' என்ற இரைச்சல் இருக்கிறதென்றாலோ, கூப்பிட்டால் "என்ன, என்ன?" என்று அடிக்கடி கேட்டாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள்.

மைக் இருக்கும் ஹெட்செட் பேசுவதற்கும் வழி திறக்கிறது. முகம் தெரியாதவர்கள் பிள்ளையிடம் பேசுவார்கள். அவர்கள் பேசுவது வீட்டில் வேறு யார் காதிலும் விழாது. விளையாட்டின் செட்டிங்கில் குரல் உரையாடலை நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றலாம், அல்லது அணைத்து வைக்கலாம். பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டே அதைச் செய்யுங்கள். அறைக் கதவைச் சாத்தாமல் கூடத்தில் உட்கார்ந்து விளையாடட்டும்.

செவி அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். பிள்ளைகளின் செவிக்கோ அவர்களோடு சேர்த்து நாமும் பொறுப்பாளிகள். உம்மா கூப்பிடும் குரலும் பாங்குச் சத்தமும் காதில் விழும் அளவுக்கு ஹெட்செட்டின் சத்தம் இருந்தால் போதும். வாங்கும் முன் சந்தேகம் இருந்தால் அஸர் தொழுகைக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்,
செயலாளர்