மழை விட்டதும் கடலில் இறங்கலாமா?



இடி முழக்கம் ஓய்ந்துவிட்டது. வானம் வெளுத்துவிட்டது. காற்று மட்டும் இன்னும் பலமாக வீசிக்கொண்டிருக்கிறது. தோட்டத்தில் இருக்கும் நமக்கு அது ஈரத் துணிகளைக் கொடியில் போடும் நேரம். கடற்கரையிலோ சிலருக்கு அதுதான் விளையாட்டு நேரம். ஆளைவிட நீளமான பலகை ஒன்று, அதன் நடுவில் ஒரு பாய்மரம், பாய்மரத்தில் ஒரு பாய். பலகையின்மேல் நின்றுகொண்டு, பாயைக் கையால் பிடித்துக் காற்றுக்கேற்பத் திருப்பி, அலைகளின்மேல் பறந்து செல்வார்கள். இதற்கு விண்ட்சர்ஃபிங் என்று பெயர். நாம் பாய்ப்பலகை என்று சொல்லிக்கொள்வோம். 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலேயே இது சேர்க்கப்பட்டுவிட்டது. நம் நாட்டில் குவாந்தானுக்கு வடக்கேயுள்ள பாலோக் கடற்கரை இதற்குப் பெயர் போனது. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றை அங்கே ஆவலோடு எதிர்பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

“இது வசதியுள்ளவர்கள் விளையாட்டாயிற்றே, லயத்து வீட்டில் இருக்கும் எங்களுக்கு ஏன் சொல்கிறீர்கள்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கடற்கரை விடுதிகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். விடுமுறை நாளில் குடும்பத்தோடு போர்ட்டிக்சனுக்குப் போய், ஆறு கடலில் சேரும் இடத்தில் பிள்ளைகளை இறக்கிவிடுகிறவர்களும் நம்மில் உண்டு. இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பாய்ப்பலகைக்காரர் கடலில் விழும்போது அவர் வாயில் போகும் தண்ணீர் எங்கிருந்து வந்தது? அதில் ஒரு பங்கு நம் வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

மழை பெய்யாத நாட்களில் அழுக்கெல்லாம் அங்கங்கே கிடக்கிறது. மாட்டுக் கொட்டகைச் சாணம், கோழிக் கூண்டின் எச்சம், நிரம்பி வழியும் மலக்குழி, எலி நடமாடும் குப்பைமேடு, காட்டில் போட்ட உரம், தெளித்த களைக்கொல்லி என எதுவும் தானாக நகர்வதில்லை. பெருமழை பெய்தால் ஒரு மணி நேரத்தில் அத்தனையும் கால்வாய்க்கு வந்துவிடும். கால்வாய் ஓடைக்கும், ஓடை ஆற்றுக்கும், ஆறு கடலுக்கும் அதைக் கொண்டு சேர்க்கும். வழியில் பட்டணத்துச் சாக்கடையும் சேர்ந்துகொள்ளும். மழை நம் கால்வாயைக் கழுவிவிட்டது என்று மகிழ்கிறோம். கழுவிய தண்ணீர் ஆற்றுமுகத்தில் போய்த் தேங்கி நிற்கிறது.

செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு ஆலைக் கழிவுநீர்க் குளங்களின் நாற்றம் புதிதல்ல. அந்தக் குளங்கள் ஏன் வெட்டப்பட்டன என்பதை அறிந்தவர் குறைவு. கழிவுநீரிலுள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். அதற்கு அவற்றுக்குப் பிராணவாயு வேண்டும். சுத்தப்படுத்தாத ஆலைக் கழிவு ஒரு லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம் பிராணவாயுவைக் கேட்கும். இது வீட்டுச் சாக்கடை நீர் கேட்பதைப் போல் ஏறக்குறைய நூறு மடங்கு. அப்படியே ஆற்றில் விட்டால் மீனுக்கு மூச்சுவிடக் காற்று ஏது? முன்னாளில் அப்படியே விட்டதனால்தான் ஆறுகள் செத்தன. 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் 1977-இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கென்று விதிகள் வந்தன. 1978-இல் 5,000 மில்லிகிராம் வரை அனுமதித்த அவ்விதிகள், படிப்படியாகக் குறைத்து 1984-இல் 100-க்குக் கொண்டுவந்தன. கழிவு குளம் குளமாக மாறிச் சென்று, பல வாரங்கள் தங்கித் தெளிந்த பிறகே வெளியே போக வேண்டும். இது நம் நாடு பெருமைப்படத்தக்க காரியம்தான். ஆனால் குளத்தின் கரை சரிந்திருந்தால், வண்டலை வாராமல் விட்டிருந்தால், ஒரு பெருமழையில் குளம் வழிந்து எல்லாம் வீணாகிவிடும். சட்டம் காகிதத்தில் இருந்து பயனில்லை. கரையை மண்வெட்டியால்தான் காக்க முடியும்.

மழை கொண்டுவருவதைக் கண்ணாலேயே பார்த்தவர்கள் குவாந்தான் மக்கள். அங்கே புக்கிட் கோ பெல்டா நிலத்திட்டத்திலும் சுற்றுப்புறத்திலும் செம்பனை மரங்களை வெட்டிவிட்டுப் பாக்சைட் என்னும் செம்மண் தாதுவைத் தோண்டினார்கள். அலுமினியம் செய்வதற்காகச் சீனாவுக்கு அது கப்பல் கப்பலாகப் போயிற்று. 2015-ஆம் ஆண்டில் மட்டும் 2 கோடி டன்னுக்கும் மேல். அந்த ஆண்டின் இறுதியில் கனத்த மழை பெய்தபோது ஆறும் கடலோரமும் செக்கச்செவேல் என்று மாறின. பாய்ப்பலகை விளையாடும் பாலோக் கடற்கரையும் அந்தப் பகுதியில்தான் உள்ளது. 2016 ஜனவரி 15 முதல் அரசாங்கம் தோண்டும் வேலையை நிறுத்தி வைத்தது.

சிவப்பு நீரைக் கண்டால் எவரும் இறங்க மாட்டார்கள். கிருமிக்கு அப்படி நிறம் இல்லையே! அதனால்தான் மழை விட்ட மறுநாள், கடல் பார்வைக்குச் சாதாரணமாக இருந்தாலும், நம்பி இறங்குவது தகாது. வெயிலும் உப்பும் சாக்கடைக் கிருமிகளைக் கொல்லும். நீரோட்டம் அவற்றைக் கலைத்துவிடும். இதற்குக் காலம் வேண்டும். கலங்கிய நீரில் வெயில் உள்ளே இறங்காது. சேற்றின் நிழலில் கிருமி பிழைத்திருக்கும். அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையில் சுகாதாரத் துறையினர், மழை பெய்தபின் 72 மணி நேரம் கடலில் இறங்க வேண்டாம், ஆற்றுமுகத்துக்கும் கால்வாய்வாய்க்கும் அருகில் போகவே வேண்டாம் என்று அறிவிக்கிறார்கள். அங்குள்ள சான் டியாகோவில் 2013-க்கும் 2015-க்கும் இடைப்பட்ட இரண்டு குளிர்காலங்களில், அலைச்சறுக்கு விளையாடும் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களை ஆய்வாளர்கள் கவனித்து வந்தார்கள். மழைக்குப் பின் கடலில் இறங்கியவர்களுக்கு வயிற்றுக் கோளாறும், காது வலியும், புண் சீழ் பிடிப்பதும் கூடுதலாக இருக்கக் கண்டார்கள்.

72 மணி நேரம் என்றால் மூன்று நாள். ஞாயிற்றுக்கிழமை மழை நின்றால் புதன்கிழமை வரை பொறுக்க வேண்டும். பெருவெள்ளமானால் ஆறு தெளியும்வரை பொறுக்க வேண்டும்.

கரையோரம் முழங்காலளவில் நிற்பவரைவிடப் பாய்ப்பலகைக்காரருக்கு ஆபத்து அதிகம். விழாமல் இதைக் கற்றவர் எவருமில்லை. விழும்போதெல்லாம் மூக்கிலும் வாயிலும் காதிலும் நீர் புகும். வெறுங்காலில் சிப்பி கிழித்த காயம் இருக்கும். வெள்ளம் அடித்து வந்த மரக்கட்டை நீர்மட்டத்துக்குக் கீழே மறைந்து கிடக்கும். வேகமாக வரும் பலகை அதில் மோதினால் எலும்பு முறியும். மேற்குக் கரையில் விடியலுக்கு முன் அடிக்கும் சுமத்ராக் காற்று போய்விட்டது போலத் தோன்றினாலும் மின்னல் பின்தங்கி நிற்கும். திறந்த கடலில் உயர்ந்து நிற்பது அந்தப் பாய்மரம் ஒன்றுதான். கடைசி இடியோசை கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை கரையிலேயே இருப்பது நல்லது.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானது எலிச் சிறுநீர்க் காய்ச்சல். எலியின் சிறுநீரிலுள்ள கிருமி ஈர மண்ணிலும் நன்னீரிலும் பிழைத்திருந்து, தோலிலுள்ள சிறு கீறல் வழியாகவும், கண், வாய் வழியாகவும் உடம்பில் ஏறும். உப்பு நீரில் அது அதிக நாள் தாங்காது. ஆகவே நடுக்கடலைவிட ஆற்றுமுகமும், ஆறும், நம் தோட்டத்து ஓடையும்தான் அஞ்சத்தக்கவை. 2000-ஆம் ஆண்டில் சபாவில் நடந்த எக்கோ சேலஞ்ச் போட்டியில் 304 பேர் கலந்துகொண்டார்கள். சிகாமா ஆற்றில் நீந்தினார்கள். பின்பு விசாரித்தறிய முடிந்த 189 பேரில் 80 பேருக்கு இந்நோய்க்குரிய குறிகள் இருந்தன. அத்தனை பேரும் உடல்வலிமை மிக்க விளையாட்டு வீரர்கள்! 2010-இல் பகாங்கில் மாரானுக்கு அருகே லூபோக் யூ நீர்வீழ்ச்சியில் மூழ்கிய ஒருவரைத் தேட இறங்கியவர்களிடையே நோய் பரவியது. பத்துப் பேருக்குச் சேற்றில் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் என்ற நோய் தொற்றியது. அவர்களில் நால்வருக்கு எலிச் சிறுநீர்க் காய்ச்சலும் சேர்ந்தே வந்தது. எட்டுப் பேர் இறந்துபோனார்கள்.

நீரில் இறங்கிய அன்றே காய்ச்சல் வருவதில்லை. பெரும்பாலும் ஐந்து நாள் முதல் இரண்டு வாரம் கழித்து வரும்; சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். அதற்குள் குளித்ததே மறந்துபோயிருக்கும். கடுங்காய்ச்சல், தலைவலி, கண் சிவத்தல், கெண்டைக்காலைத் தொட்டால் தாங்க முடியாத வலி ஆகியவை இதன் குறிகள். முற்றினால் கண் மஞ்சளாகும், சிறுநீர் குறையும். சாதாரணக் காய்ச்சல் என்றோ டெங்கி என்றோ எண்ணி இரண்டு பனடோல் மாத்திரையோடு படுத்துக்கொள்வதுதான் உயிருக்கு உலை வைக்கிறது. தொடக்கத்திலேயே தெரிந்தால் கிருமிக்கொல்லி மருந்தால் குணப்படுத்தலாம்.

அரசாங்கக் கிளினிக்குக்குப் போனால், டாக்டர் கேட்கட்டும் என்று காத்திராதீர்கள். “இத்தனை நாளைக்கு முன் வெள்ளத் தண்ணீரில் இறங்கினேன்” என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எந்த ஓடையில், என்றைக்குக் குளித்தான் என்று கூடப் போன பிள்ளைகளையும் விசாரித்துக்கொண்டு போங்கள். மலாயில் சொல்வதானால் ‘கென்சிங் திக்குஸ்’ என்று கேளுங்கள். இரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள்.