பழக்கப்படாத விலங்குகளும் திரைப்படமும்: ‘றோர்’ படத்தை முன்வைத்து ஒரு நோக்கு

திரைப்படக்கலை தோன்றிய காலந்தொட்டு விலங்குகள் அதன் காட்சிப்பொருள்களுள் ஒன்றாக இருந்து வந்துள்ளன. தமிழ் இரசிகர்களுக்கு இது புதிய செய்தியன்று. சின்னப்பா தேவர் தயாரித்த ‘ஹாத்தி மேரே சாத்தி’ (1971), ‘நல்ல நேரம்’ (1972) ஆகிய படங்களில் யானைகள் கதாநாயகனுக்கு நிகரான இடத்தைப் பெற்றிருந்தமையை நாம் அறிவோம். ஆயின், அவ்யானைகள் பாகனின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் பயிற்றப்பட்டவை. எவ்விதப் பயிற்சியும் பெறாத கொடிய விலங்குகளின் நடுவே நடிகரை நிறுத்திப் படம்பிடித்தால் யாது நிகழும்? இவ்வினாவுக்கு விடையாக அமைவது 1981 ஆம் ஆண்டு வெளிவந்த ‘றோர்’ என்னும் அமெரிக்கப் படமாகும். இத்தகைய படப்பிடிப்பின் கவர்ச்சி எதில் தங்கியுள்ளது, அதன் ஆபத்து எங்கிருந்து பிறக்கின்றது, அதன் விலையைச் செலுத்துவோர் யாவர் என்பவற்றை அப்படத்தின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சில சொற்களின் பொருளை வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். வளர்ப்பினம், பழகிய விலங்கு, பயிற்றப்பட்ட விலங்கு என்னும் மூன்றையும் நாம் பேச்சுவழக்கில் ஒன்றாகவே கருதிவிடுகின்றோம். நாய், பசு, ஆடு முதலியன வளர்ப்பினங்கள். பல தலைமுறைகளாக மனிதன் தெரிந்தெடுத்து இனம்பெருக்கியமையால் அவற்றின் இயல்பே மாறியுள்ளது. சோவியத் அறிஞர் பெல்யாயெவ் 1959 இல் நொவொசிபிர்ஸ்க் நகரில் வெள்ளிநரிகளைக் கொண்டு தொடங்கிய ஆய்வு இவ்வுண்மையை நன்கு விளக்கிற்று. மனிதரைக் கண்டு அஞ்சாத, சீறாத குட்டிகளையே ஒவ்வொரு தலைமுறையிலும் தெரிந்தெடுத்தபோது, நாயைப்போல் வாலாட்டும் நரிகள் தோன்றின. பழகிய விலங்கு என்பது இதனின்று வேறானது. குட்டிப்பருவம் முதல் மனிதர் கையில் வளர்ந்தமையால் அச்சம் நீங்கியதே அன்றி, அதன் பிறவிக்குணம் மாறவில்லை. பயிற்றப்பட்ட விலங்கோ குறித்த சைகைக்குக் குறித்த செயலைச் செய்யக் கற்றுக்கொண்டது, அவ்வளவே. ஏறாவூர்ப் பணிக்கர் பிடித்துப் பழக்கிய யானையாயினும், ஊர்வலத்தில் அணிவகுக்கும் யானையாயினும் பயிற்சியால் அடங்கியதேயன்றி இனத்தால் மாறியதன்று. மதங்கொண்ட காலத்தில் பாகனே அஞ்சி விலகுவதன் காரணம் இதுவே.

‘றோர்’ படத்தில் நடித்த சிங்கங்களும் புலிகளும் இரண்டாம் வகையைச் சார்ந்தவை. அவற்றுட் பெரும்பாலானவை மனிதரோடு பழகியவை. ஆனால் நடிப்புக்கெனப் பயிற்றப்பட்டவை அல்ல. இந்த இடைவெளியிலேதான் ஆபத்து முழுவதும் குடிகொண்டிருந்தது.

இனிப் படத்தின் வரலாற்றை நோக்குவோம். அதன் கதாநாயகி ரிப்பி ஹெட்ரன் ஏற்கெனவே ஹிச்கொக்கின் ‘த பேர்ட்ஸ்’ (1963) படத்தில் நடித்துப் புகழ்பெற்றவர். அப்படத்தின் இறுதிப்பகுதியில் உயிருள்ள பறவைகள் நாட்கணக்காக அவர்மீது எறியப்பட்டு, கண்ணருகே காயம் ஏற்படும்வரை அக்காட்சி படமாக்கப்பட்டது. மெய்யான விலங்கைக் கொண்டு மெய்யான அச்சத்தைப் பதிவுசெய்யும் முறையை அவர் அன்றே தம் உடலில் அனுபவித்திருந்தார் எனலாம். 1969 இல் படப்பிடிப்பொன்றின் பொருட்டு ஆபிரிக்கா சென்ற அவரும் கணவர் நொவெல் மார்ஷலும் மொசாம்பிக்கின் கொரொங்கோசா தேசியப் பூங்காவில் ஒரு காட்சியைக் கண்டனர். மனிதர் கைவிட்டுச் சென்ற வீடொன்றில் ஒரு சிங்கக்கூட்டம் குடியேறி, வாயிலிலும் கூரையிலும் அமர்ந்திருந்தது. அக்காட்சியே படத்தின் வித்தாக அமைந்தது.

பெரும்பூனைகளை ஒருங்கே வைத்துப் படம்பிடித்தல் இயலாது எனப் பயிற்றுநர்கள் கூறினர். சிங்கத்தை அறிய வேண்டுமாயின் சிங்கத்தோடு வாழ்ந்து பார்க்க வேண்டும் என அவர்களுள் ஒருவர் அறிவுரை கூறி, நீல் என்னும் தமது சிங்கத்தையும் அவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். நீல் கலிபோர்னியாவில் அவர்களது வீட்டிலேயே உலாவத் தொடங்கிற்று. நீச்சற்குளத்தருகே இளம்பெண்ணான மகள் மெலனி கிரிபித்துடன் அச்சிங்கம் காணப்படும் நிழற்படங்கள் 1971 இல் ‘லைப்’ சஞ்சிகைக்காக எடுக்கப்பட்டவை. அவை இன்றும் மக்களால் வியந்து பார்க்கப்படுகின்றன. அவ்வாறு சிங்கத்தை வீட்டில் வைத்திருந்தமை பெரும் அறிவீனம் என ஹெட்ரன் தாமே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

பின்னர் விலங்குக் காட்சிச்சாலைகள், சர்க்கஸ் குழுக்கள், தனியார் ஆகியோரிடமிருந்து கைவிடப்பட்ட விலங்குகள் ஒவ்வொன்றாக வந்துசேர்ந்தன. லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு வடக்கேயுள்ள சொலிடாட் பள்ளத்தாக்கில் அவற்றுக்கெனப் பண்ணை அமைக்கப்பட்டது. சிங்கம், புலி, சிறுத்தை, யானை என ஏறத்தாழ 150 விலங்குகள் அங்கே திரண்டன. ‘த எக்ஸோர்சிஸ்ட்’ (1973) படத்தின் நிருவாகத் தயாரிப்பாளராயிருந்து பெற்ற வருவாயையும் சொந்தச் சொத்துக்களையும் மார்ஷல் இம்முயற்சியிற் கொட்டினார். ஆபிரிக்காவில் பெரும்பூனைகளோடு வாழும் ஆய்வாளர் ஒருவரைக் காண மனைவியும் பிள்ளைகளும் வருகின்றனர். அவர் இல்லாத வேளையில் அவர்கள் விலங்குகளிடம் அகப்படுகின்றனர். இறுதியில் அவற்றை நேசிக்கக் கற்றுக்கொள்கின்றனர். இதுவே கதை. ஆய்வாளராக மார்ஷலும், குடும்பத்தினராக ஹெட்ரன், மெலனி, மார்ஷலின் இரு புதல்வர் ஆகியோரும் நடித்தனர். கதையிலும் வாழ்விலும் ஒரே குடும்பமே சிங்கத்தின் முன் நின்றது.

1976 இல் தொடங்கிய படப்பிடிப்பு ஆறு மாதங்களில் முடிவடையும் எனத் திட்டமிடப்பட்டது. அது பல ஆண்டுகள் நீடித்தது. ஒரு காட்சி வேண்டியவாறு அமையும் என்பதற்கு எவ்வித உறுதியும் இருக்கவில்லை. நடிகர் ஓட வேண்டிய இடத்தில் சிங்கம் உறங்கிவிடும். உறங்க வேண்டிய இடத்தில் பாய்ந்துவிடும். நிகழ்ந்ததை மீண்டும் நிகழ்த்துமாறு விலங்கிடம் கேட்க இயலாமையால் பல படக்கருவிகள் ஒரே வேளையில் இயங்க வேண்டியிருந்தன. விலங்குகள் தம் விருப்பப்படியே நடந்துகொண்டமையால் எழுத்திலும் இயக்கத்திலும் அவற்றுக்கும் பங்குண்டு எனப் படத்திலேயே அறிவிக்கப்பட்டது. நகைச்சுவையாகக் கூறப்பட்டதாயினும், இயக்குநர் தம் படத்தை இயக்கவில்லை என்னும் உண்மை அதனுள் மறைந்துள்ளது.

அதன் விளைவு குருதியில் எழுதப்பட்டது. ஒளிப்பதிவாளர் யான் டி பொன்ட்டின் தலைத்தோலைச் சிங்கமொன்று பெயர்த்தெடுத்தது. நூற்றுக்கு மேற்பட்ட தையல்கள் இடவேண்டியிருந்தது. மெலனியின் முகத்தைச் சிங்கம் கீறியதால் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. ஹெட்ரனின் கழுத்தைச் சிங்கம் கடித்தது. பிறிதொருகால் யானையால் அவரது கால் முறிந்தது. கடிபட்ட காயங்களால் மார்ஷலும் மருத்துவமனையில் தங்க நேர்ந்தது. காயமுற்றோர் தொகை எழுபதுக்கும் மேற்பட்டது எனப் பின்னாளிற் கூறப்பட்டது. எவரும் இறக்கவில்லை என்பது திட்டத்தின் சிறப்பாலன்று, நற்பேற்றாலேயே என்பதில் ஐயமில்லை.

இவ்விபத்துக்களுக்கு விலங்குகளின் சீற்றமே காரணம் எனக் கொள்வது தவறாகும். பெரும்பூனை தன்னின் விலகி ஓடுவதைத் துரத்தும், விழுந்ததன்மேற் பாயும், கழுத்தைக் கவ்வும். இவை பகைமையின் அடையாளங்கள் அல்ல, பிறவியிலேயே அமைந்த தூண்டல்கள். குட்டிகள் ஒன்றோடொன்று விளையாடுவதும் இவ்வழியிலேயே. இருநூறு கிலோகிராம் எடையுள்ள விலங்கு விளையாட்டாகப் பற்றினாலும் மனிதத்தோல் அதனைத் தாங்காது. மேலும், ஆண்சிங்கங்கள் தம்முள் முதன்மைக்காகப் போரிடுவன. முன்பின் அறியாத பல ஆண்சிங்கங்களை ஓரிடத்தில் அடைத்தபோது அப்போரின் நடுவே மனிதரும் அகப்பட்டனர். அன்றியும், அச்சத்தோடு ஓடும்படியும் விழும்படியும் கதையே நடிகரைப் பணித்தது. விலங்கின் வேட்டையுணர்வைத் தூண்டும் செயல்களையே திரைக்கதை கோரிற்று என்பதே இங்குக் கவனிக்கத்தக்க முரண்பாடாகும்.

அங்ஙனமாயின், இதன் கவர்ச்சி யாது? பயிற்றப்பட்ட விலங்கின் நடிப்பில் கண்ணுக்குத் தெரியாத பயிற்றுநர் ஒருவர் எப்பொழுதும் இருக்கின்றார். விலங்கின் பார்வை அவரை நோக்கியே செல்லும். ‘றோர்’ படத்திலோ அடுத்த கணத்தில் யாது நிகழும் என நடிகருக்கும் தெரியாது, இயக்குநருக்கும் தெரியாது. கதவை உடைத்துக்கொண்டு சிங்கங்கள் வீட்டினுட் புகும்போது நடிகரின் முகத்தில் நாம் காணும் அச்சம் நடிப்பன்று. பார்ப்போரை இருக்கையின் நுனிக்குக் கொண்டுவருவது இவ்வுண்மையே. ஆகவே, கவர்ச்சியும் ஆபத்தும் இருவேறு பொருள்கள் அல்ல. கட்டுப்பாடின்மை என்னும் ஒன்றே திரையிற் கவர்ச்சியாகவும் களத்தில் ஆபத்தாகவும் தோன்றுகின்றது. ஒன்றைக் குறைத்தால் மற்றையதும் குறையும்.

படத்தின் கருத்து தோல்வியுற்றமைக்கும் இதுவே காரணம் என்பது எமது துணிபு. பெரும்பூனைகள் மனிதனின் நண்பர்கள், அவற்றைக் கொல்லாது காக்க வேண்டும் என்பதே மார்ஷலின் செய்தி. திரையிலே காணப்படுவதோ இரத்தமும் கூச்சலும். சொல் நட்பைப் பேச, காட்சி அச்சத்தைப் பேசிற்று. காட்சியையே மக்கள் நம்பினர். ஏறத்தாழ 1 கோடி 70 இலட்சம் டொலர் செலவான படம் அதில் எட்டிலொரு பங்கைக்கூட ஈட்டவில்லை. அமெரிக்கத் திரையரங்குகளுக்கு அது 2015 இலேயே வந்தது. அப்பொழுது, விலங்குகளுக்குத் தீங்கு நேரவில்லை, எழுபது மனிதருக்கே நேர்ந்தது என்னும் பொருள்பட விளம்பரம் செய்யப்பட்டது. பிறர் பட்ட காயமே கவர்ச்சிப்பொருளாயிற்று.

அவ்விளம்பரத்தின் முற்பகுதியும் ஆராயத்தக்கதே. 1978 பெப்ரவரியில் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் பண்ணை அழிந்து விலங்குகள் தப்பியோடின. அவற்றுள் மூன்று சிங்கங்கள் சட்ட அதிகாரிகளாற் சுட்டுக்கொல்லப்பட்டன. படத்தின் முதன்மைச் சிங்கமான றொபியும் அவற்றுள் ஒன்று. படக்கருவியின் முன் இவை இறக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும், படத்தின் பொருட்டு அங்கே கூட்டப்படாதிருந்தால் அவை அவ்வாறு இறந்திரா. ‘போர்ன் பிரீ’ (1966) படத்தில் நடித்த சிங்கங்களின் கதையும் இத்தகையதே. படம் முடிந்தபின் ஜோர்ஜ் அடம்சன் அவற்றுட் சிலவற்றைக் கென்யக் காட்டுவாழ்வுக்குத் திருப்ப முயன்றார். பல்லாண்டு அவரோடு பழகிய ‘போய்’ என்னும் சிங்கம் 1971 இல் அவரது உதவியாளரைக் கொன்றது. அடம்சனே அதனைச் சுட நேர்ந்தது. பழகிய விலங்கு காட்டுக்கும் முழுமையாக உரியதன்று, வீட்டுக்கும் உரியதன்று என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

மனிதரைப் பொறுத்தமட்டிலும் ஒரு வேறுபாடு உண்டு. மார்ஷல் தம் கனவுக்காகத் தம் உடலைப் பணயம் வைத்தார். அது அவர் உரிமை எனலாம். ஆனால், ஊதியத்துக்காக வந்த தொழிலாளரும், தந்தையின் விருப்பத்துக்கு இணங்கிய பிள்ளைகளும் அதே உரிமையோடு இணங்கினர் எனக் கூற முடியுமா? விலங்கின் இணக்கத்தையோ நாம் கேட்கவே இயலாது. அன்பு பாதுகாப்பாகிவிடும் என்னும் நம்பிக்கையே இம்முயற்சியின் அடிப்படைத் தவறாகும்.

இதனை நன்கு உணர்ந்தவர் ஹெட்ரனே. 1983 இல் அப்பண்ணையை ‘ஷம்பாலா’ என்னும் காப்பகமாக நிறுவி, கைவிடப்பட்ட பெரும்பூனைகளைப் பேணினார். அவற்றைத் தனியார் வளர்ப்பதற்கு எதிராகவும் உழைத்தார். 2003 இல் அமெரிக்காவில் நிறைவேறிய காவல்வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அவரது முயற்சிக்கும் பங்குண்டு. 2022 இல் நிறைவேறிய சட்டம் தனியார் அவற்றைச் செல்லப்பிராணிகளாக வளர்ப்பதைத் தடைசெய்தது. இந்தியாவில் சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வித்தை காட்டப் பயன்படுத்துவதை 1998 ஆம் ஆண்டு அறிவித்தல் தடுத்தது. புதுச்சேரி இளைஞன் ஒருவனின் கதையைக் கூறும் ‘லைப் ஒப் பை’ (2012) படத்தில் புலியின் பெரும்பகுதி கணினியால் ஆக்கப்பட்டதேயாகும்.

கணினிப்புலி எவரையும் கடிக்காது; எதுவும் அதற்காகச் சாவதுமில்லை. அதன்முன் நிற்கும் நடிகரின் அச்சம் நடிப்பே என்பதை அறிந்தும் நாம் கதையோடு ஒன்றிவிடுகின்றோம். மெய்யான குருதியின்றியே உள்ளத்தை அசைக்கும் ஆற்றல் கலைக்கு உண்டு என்பதற்கு இதுவே சான்று. ‘றோர்’ போன்றதொரு படம் இனி எடுக்கப்படுதல் அரிது. அதனைக் காண்போர் வியப்போடு நின்றுவிடாது, திரையில் ஓடும் ஒவ்வொருவரும் உண்மையாகவே உயிருக்கு ஓடியவர் என்பதையும், துரத்தும் ஒவ்வொரு விலங்கும் தன் இயல்புக்கு உண்மையாகவே நடந்துகொண்டது என்பதையும் நினைவிற் கொள்வாராக.