அம்பாசிடரின் முன் ஆசனம்

கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில், இங்கிலாந்து தேசத்து மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை ஆதாரமாகக் கொண்டு 1950-களின் பிற்பகுதியில் உருவெடுத்து, 2014 வரை ஏறக்குறைய அதே சாயலில் வெளிவந்துகொண்டிருந்த அம்பாசிடரில், கியர்த் தண்டு வெகு காலம் ஸ்டியரிங்குக்கு அடியிலேயே இருந்தபடியால், முன்பக்கத்தில் கதவுக்குக் கதவு நீண்டிருந்த ஒரே ஆசனம் டிரைவரோடு சேர்த்து மூவரைத் தாராளமாக ஏற்றுக்கொண்டது. கல்யாண சீஸன்களில் அந்த மூவர் எத்தனை பேராகப் பெருகினார்கள் என்பதை அதன் ஸ்பிரிங்குகளைத்தான் கேட்க வேண்டும்.

அதை எடுத்துவிட்டுத் தனித்தனி பக்கெட் சீட்டுகளைப் பொருத்த விரும்புவோரின் ஆசை நியாயமானதே. வளைவுகளில் வழவழப்பான ரெக்ஸினில் ஆள் பக்கவாட்டில் சறுக்குவதும், நீண்ட பிரயாணத்தில் இடுப்புக்குத் தாங்கல் இல்லாமல் போவதும், பின்னாலிருந்து வண்டி மோதினால் கழுத்தைக் காக்கத் தலைச்சாய்வு இல்லாமையும் உண்மையான குறைகள். ஆயினும், இடுப்புவலிக்குக் காரணம் ஆசனத்தின் வடிவமா, அமுங்கிச் செத்துப்போன ஸ்பிரிங்கும் நாருமா என்பதை, குஷன் கடைக்காரரைக் கொண்டு உறையைப் பிரித்துப் பார்த்த பிறகே நிச்சயிக்க வேண்டுமென்பது என் அபிப்பிராயம். புதிய ஸ்பிரிங்கும் கெட்டியான ஃபோமும் போட்டவுடனே பலருடைய ஆசை அடங்கிவிடும்.

அடங்காதவர்கள் சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் வேறொரு காரின் சீட்டுகளை வாங்கிவருகிறார்கள். அவற்றின் ரெயில்களிலுள்ள துளைகள் அம்பாசிடரின் தரைத் துளைகளோடு பொருந்துவது அபூர்வம். ஆகவே இடையில் இரும்பு ஆங்கிளால் ஒரு சட்டம் செய்தாக வேண்டும். வேலையின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. இந்தக் காருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, உடலின் தகடே பாரம் தாங்குகிறது. அத்தகட்டில் கண்ட இடத்தில் துளையிட்டு, துருப்பிடித்த பாகத்தில் சாதாரண போல்ட்டும் சிறு வாஷரும் போட்டு முறுக்கினால், நின்றிருக்கும்போது அசையாத ஆசனம் விபத்தில் தகட்டைக் கிழித்துக்கொண்டு ஆளோடு முன்னே பாய்ந்துவிடும். தரையின் அடிப்புறம் கனத்த இரும்புப் பட்டை கொடுத்து, பாரம் பரவும்படி ஹைடென்சில் போல்ட்டுகளால் இறுக்குவதே முறை. சீட் பெல்ட்டின் நங்கூரத்துக்கும் இதே விதி.

சட்டத்தை வெல்டிங் செய்யுமுன், அதன் உயரத்தை நிச்சயிக்க, ஓட்டப்போகிறவரையே தற்காலிகமாக வைத்த ஆசனத்தில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும்: கிளட்சை முழுதும் மிதிக்கையில் முழங்கால் சற்றே மடிந்திருக்கிறதா, அகன்ற ஸ்டியரிங் வளையம் தொடையில் உரசாமல் இருக்கிறதா, தலை கூரையில் முட்டவில்லையா என்று. ஓர் அங்குல வித்தியாசம் அற்பமாகத் தோன்றும். மதுரை போய்ச் சேருவதற்குள் அதன் மகிமை விளங்கிவிடும்.

மூவருக்கான இடம் இருவருக்கானதாகச் சுருங்குவதால், பதிவுச் சான்றிதழில் கண்ட ஆசனக் கணக்குக்கு விரோதம் வருமா என்பதை முன்னதாகவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிடுவது உத்தமம்; பதிவு விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கிறது. கழற்றிய பழைய ஆசனத்தையும் காயலான் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள்; பழைய கார் வாங்க வருகிற ரசிகர் முதலில் கேட்பது அதைத்தான்.