பழைய கணினியில் லினக்ஸ் தொடங்க மறுக்கிறதா? மறுநிறுவலுக்கு முன் கவனிக்க வேண்டியவை

புது தில்லி: 'விண்டோஸ் 10' இயங்குதளத்துக்கான வழக்கமான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025, அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி உள்ளிட்ட 'விண்டோஸ் 11' நிபந்தனைகளை நிறைவு செய்யாத பழைய கணினிகளை வைத்திருப்போருக்கு, லினக்ஸ் ஒரு மாற்று வழியாக உள்ளது.

இந்தியாவுக்கு லினக்ஸ் புதிதன்று. மத்திய அரசின் சி-டாக் அமைப்பு 'பாஸ்' என்ற லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியுள்ளது. கேரள அரசுப் பள்ளிகளிலும் கட்டற்ற மென்பொருள்கள் நீண்டகாலமாகப் பயன்பாட்டில் உள்ளன. எனினும், வீட்டில் தாமாகவே லினக்ஸுக்கு மாறியவர்கள், கணினி ஒரு நாள் கருந்திரையுடன் நின்றுவிட்டால் செய்வதறியாது திகைக்கின்றனர்.

அத்தருணத்தில் அவசரப்பட்டு இயங்குதளத்தை மீண்டும் நிறுவுவதே பேரிழப்புக்கு வழிவகுக்கிறது. கணினி தொடங்கவில்லை என்பதாலேயே அதிலுள்ள கோப்புகள் அழிந்துவிட்டன என்று பொருளல்ல. ஆனால், 'வன்தட்டை அழித்து நிறுவுக' என்ற தெரிவைச் சொடுக்கினால், குடும்பப் புகைப்படங்களும் சான்றிதழ்களின் நகல்களும் மீட்க இயலாதவாறு அழியக்கூடும்.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

கணினி தொடங்குவதில் நான்கு கட்டங்கள் உள்ளன. முதலில், பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ எனப்படும் அடிப்படை மென்பொருள் வன்பொருளைச் சோதிக்கிறது. அடுத்து, 'கிரப்' என்ற தொடக்க நிரல் இயங்குதளத்தைத் தேடி எடுக்கிறது. பின்னர் லினக்ஸின் மையக்கருவான கெர்னல் ஏற்றப்படுகிறது. இறுதியாகக் கடவுச்சொல் கேட்கும் திரை தோன்றுகிறது. எந்தக் கட்டத்தில் தடை ஏற்படுகிறது என்பதை அறிந்தால், தீர்வு பெருமளவு எளிதாகிவிடும்.

தயாரிப்பு நிறுவனத்தின் இலச்சினையே தோன்றவில்லை என்றால்

இது பெரும்பாலும் வன்பொருள் கோளாறாகும். லினக்ஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இணைக்கப்பட்டுள்ள பிரிண்டர், பென் டிரைவ் ஆகியவற்றை அகற்ற வேண்டும். மின்இணைப்பைத் துண்டித்த பின், ராம் நினைவகத்தைக் கழற்றி மீண்டும் பொருத்திப் பார்க்கலாம்.

தேதியும் நேரமும் அடிக்கடிப் பழைய நிலைக்குத் திரும்பினால், மதர்போர்டில் உள்ள 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று கருதலாம். பல கணினிகளில் 'சிஆர் 2032' என்ற காசு வடிவ பேட்டரியே பொருத்தப்பட்டிருக்கும். அது செயலிழந்தால், பழைய கணினிகளில் பயாஸ் அமைப்புகளும் தொடக்க நிலைக்கு மாறிவிடக்கூடும். யூஇஎஃப்ஐ முறையில் லினக்ஸ் நிறுவப்பட்ட கணினி, பழைய 'லெகசி' முறைக்கு மாறிவிட்டால், வன்தட்டு நல்ல நிலையில் இருந்தும் 'தொடங்கத்தக்க சாதனம் இல்லை' என்றே அறிவிக்கும். பேட்டரியை மாற்றி, அமைப்புகளை முன்பிருந்தவாறு சரிசெய்வதே இதற்குத் தீர்வு.

'கிரப் ரெஸ்க்யூ' எனத் தோன்றினால்

தொடக்க நிரலால் தனக்குரிய கோப்புகளைக் கண்டறிய இயலவில்லை என்பதே இதன் பொருள். வன்தட்டின் பகுதிகளை அழிப்பதும் மாற்றியமைப்பதும் இதற்கு முக்கியக் காரணங்கள். லினக்ஸ் மின்ட் பென் டிரைவ் மூலம் கணினியைத் தொடங்கி, அதிலுள்ள 'பூட் ரிப்பேர்' கருவியால் கிரப்பைச் சீரமைக்கலாம்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. 2024 ஆகஸ்ட் மாதம் வெளியான விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பின், இத்தகைய கணினிகள் சிலவற்றில் லினக்ஸ் தொடங்கவில்லை. 'செக்யூர் பூட்' எனும் சரிபார்ப்பு வசதி பழைய தொடக்க நிரல்களை ஏற்க மறுத்ததே காரணம். அந்த அமைப்பை மாற்றுவதற்கு முன், விண்டோஸில் 'பிட்லாக்கர்' பூட்டு உள்ளதா என்று பார்க்க வேண்டும். இருப்பின், 48 இலக்க மீட்பு எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளாமல் எதையும் மாற்றக் கூடாது.

கிரப்பைக் கடந்த பின் கருந்திரை வந்தால்

புதுப்பிப்புக்குப் பிறகு இச்சிக்கல் எழுந்திருந்தால், கிரப் பட்டியலில் உள்ள கூடுதல் தெரிவுகளில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கலாம். புதிய கெர்னல் நிறுவப்பட்ட பின்னும் பழையது வழக்கமாக வன்தட்டில் இருக்கும். வரைகலை அட்டைக்கான இயக்கியில் கோளாறு எனில், 'ரெக்கவரி மோட்' தெரிவில் நுழைந்து சரிசெய்யலாம்.

சரியான கடவுச்சொல்லை அளித்தும் அதே திரை திரும்பத் திரும்ப வந்தால், வன்தட்டு நிரம்பியிருக்க வாய்ப்புள்ளது. ரெக்கவரி மோடில் தேவையற்ற கோப்புகளை நீக்கி இடமளித்தால் போதுமானது.

கோப்புகளைக் காப்பது எப்படி?

வேறொரு கணினியில் லினக்ஸ் பென் டிரைவ் ஒன்றைத் தயாரித்து, 'நிறுவாமல் பயன்படுத்துக' என்ற தெரிவின் மூலம் பழுதான கணினியைத் தொடங்க வேண்டும். இந்த 'லைவ்' முறையில் வன்தட்டின் உள்ளடக்கம் தானாக மாற்றப்படுவதில்லை. கோப்பு மேலாளரில் பழைய வன்தட்டைத் திறந்து, தேவையானவற்றை வெளிப்புறச் சேமிப்பகத்துக்கு நகலெடுக்கலாம். வன்தட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதற்குரிய கடவுச்சொல் தேவைப்படும். வன்தட்டைச் சரிசெய்யும் கட்டளைகளை நகலெடுத்த பின்னரே இயக்க வேண்டும். ஏற்கெனவே சிதையத் தொடங்கிய தட்டில் அவை சேதத்தை அதிகரிக்கக்கூடும்.

வன்தட்டிலிருந்து 'டிக் டிக்' என்ற ஓசை தொடர்ந்து கேட்டால், கணினியை உடனடியாக அணைத்துவிட்டுத் தரவு மீட்பு வல்லுநர்களை நாடுவதே நலம்.

பென் டிரைவே இயங்கவில்லை என்றால், கணினி 32 பிட் வகையைச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். உபுண்டு, லினக்ஸ் மின்ட் ஆகியவற்றின் இன்றைய பதிப்புகள் 64 பிட் கணினிகளுக்கானவை. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-லும் 32 பிட் கணினிகளுக்கான நிறுவல் வசதி கைவிடப்பட்டுள்ளது. அவற்றுக்கு 32 பிட் ஆதரவுள்ள பழைய பதிப்பையே தேட வேண்டும்.

முன்னெச்சரிக்கை என்ன?

கணினி நன்றாக இயங்கும்போதே ஒரு லைவ் பென் டிரைவைத் தயாரித்து வைப்பது பயன்தரும். லினக்ஸ் மின்டில் உள்ள 'டைம்ஷிஃப்ட்' கருவி, இயங்குதளத்தை முந்தைய நிலைக்குக் கொண்டுவர உதவும். ஆனால் அதன் இயல்பான அமைப்பில் தனிப்பட்ட கோப்புகள் சேமிக்கப்படுவதில்லை என்பதால், அவற்றைத் தனியே நகலெடுத்து வைக்க வேண்டும்.

மதர்போர்டு பழுதாகி, கணினி இனி பயன்படாது என்ற நிலை வந்தாலும், வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைத்துக் கோப்புகளை எடுக்க முடியும். அதன் பிறகு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் கணினியை ஒப்படைக்கலாம். அதற்கு முன் வன்தட்டில் உள்ள தரவை முற்றிலுமாக அழித்துவிட வேண்டும்.