காவலும் காப்பும்

'கா' என்னும் வினையடியினின்று காவல், காப்பு என்னும் இரு தொழிற்பெயர்கள் பிறந்துள்ளன. அவை ஒருபொருளன போலத் தோன்றினும் வழக்கில் வேறுபட்டு நிற்கின்றன. காவல் என்பது பெரும்பாலும் காப்பவனுடைய அதிகாரத்தைச் சுட்டும்; குற்றஞ் செய்தானை அடைத்து வைத்தலும் காவலே. காப்பு என்பதோ காக்கப்படுவோரை நோக்கி நிற்பது. குழவியின் கையிற் கட்டும் காப்பும், பிள்ளைத்தமிழின் காப்புப் பருவமும் இதற்குச் சான்றாகும். போர்க்காலத்தும் பேரிடரினும் மக்கள் தாமே முன்வந்து ஆற்றும் குடிமைப் பாதுகாப்புத் தொண்டினை விளக்கப் புகுவோர் இவ்வேறுபாட்டை மறப்பின், தொண்டின் இயல்பே மயங்கிவிடும்.

ஊரைக் காத்தல் நம் நாட்டிற் பழந்தொழில். மதுரையின் இரவுக் காவலரை மதுரைக்காஞ்சி விரித்துரைக்கின்றது. இடைக்காலக் கல்வெட்டுகளிற் 'பாடிகாவல்' என்னும் சொல் பயில வழங்குகின்றது. அஃது ஊரார் இறுக்கும் வரியாகவும் வலியோர் பெறும் உரிமையாகவும் இருந்தது. புதுக்கோட்டைப் பகுதியில் ஊரவர் அவ்வுரிமையை அரையர்க்கு விற்ற செய்தியையும் கல்வெட்டுகளால் அறிகின்றோம். விலைக்கு விற்கப்பட்ட ஒன்றை இக்காலத் தொண்டுக்கு முன்னோடி எனப் பெருமை பேசத் தோன்றும். ஆயினும் பெயரொப்புமை கொண்டு மரபொப்புமை நாட்டுதல் ஆராய்ச்சி நெறியன்று.

இத்தொண்டு பிறந்த சூழல் வேறு. வானூர்தி போர்க்களத்தைக் கடந்து வீட்டுக் கூரைவரை வந்த பின்னரே இதன் தேவை உணரப்பட்டது. பிரித்தானியாவில் 1937இல் வான்தாக்குதல் வார்டன் பணி தொடங்கப்பெற்றது. சிலர் ஊதியம் பெற்றனராயினும், பெரும்பாலோர் பகலில் தம் தொழிலைச் செய்து, எஞ்சிய பொழுதில் இப்பணி புரிந்த தொண்டரே. மகளிரும் அவருள் இருந்தனர். விளக்கொளி புறத்தே கசியாமற் பார்த்தலும், மக்களைப் பதுங்கிடங்களுக்குச் செலுத்துதலும், குண்டு விழுந்த இடத்தை உடனே அறிவித்தலும் அவர்தம் கடமைகள். இவற்றினும் சிறந்ததாக யாம் கருதுவது, புறத்தார் கண்ணிற் சிறிதாகவே படக்கூடிய ஒரு வேலை. எவ்வீட்டில் எத்தனை பேர் வாழ்கின்றனர், இரவில் எங்கு உறங்குகின்றனர் என்பதை அறிந்து வைத்தலே அது. வீடு இடிந்து வீழ்ந்தபோது, மீட்பார் எவ்விடத்தைத் தோண்டல் வேண்டும் என்பதை அவ்வறிவே காட்டிற்று. சீருடையோ அரசாணையோ அதனைத் தருதல் இயலாது. அத்தெருவிலேயே வாழ்ந்தாலன்றி அது வாராது.

இந்தியாவிலும் அப்போரின் நிழல் படர்ந்தது. 1942 ஏப்ரல் 6ஆம் நாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு ஆளாயின. அம்மாதமே சென்னை மக்கள் பெருந்தொகையினராய் நகரை நீங்கினர். 1943 அக்டோபரிற் சென்னையின்மீதும் ஒரு சப்பானிய வானூர்தி குண்டு வீசியது. மக்கள் கலைந்தேகிய தெருவில் வார்டனது அறிவும் உடன் கலைந்துவிடும் என்பதை ஈண்டு எண்ணிப் பார்க்கலாம்.

பின்னர் எழுந்த அமைப்புகள் இரண்டு. ஊர்க்காவல் படை 1946இற் பம்பாயில் தோன்றி, 1962இன் சீனப் போருக்குப் பின் நாடெங்கும் சீரமைக்கப்பெற்றது. போலீசார்க்குத் துணை நிற்றல் அதன் முதற்பணி. மற்றொன்று 1968ஆம் ஆண்டின் குடிமைப் பாதுகாப்புச் சட்டத்தால் அமைந்தது. போரிடுதல் ஆகாத பாதுகாப்பு நடவடிக்கைகளையே அச்சட்டம் தன் பொருளாக வரையறுக்கின்றது. மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத ஒருவர் கட்டுப்பாட்டு அலுவலராவார். வார்டன் பணியில், தலைமை வார்டன் முதலாகக் கோட்டம், நிலையம், பிரிவு எனப் பொறுப்பு படிப்படியாகக் கீழிறங்கிச் சில தெருக்களைக் கொண்ட சிறு பரப்பில் வந்து முடியும். தீயணைத்தல், மீட்பு, முதலுதவி, இறந்தோர் உடலை அகற்றுதல் ஆகியன தனித்தனிப் பிரிவுகளாம். பயிற்சிக்கு நாகபுரியில் தேசியக் கல்லூரி இருந்தது. 2009ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் பேரிடர் மேலாண்மையையும் இதன் எல்லைக்குள் சேர்த்தது. வெள்ளத்தின்போதும் எந்த மாடியில் முதியோர் தனித்திருக்கின்றார் என்னும் அதே வினாவே எழுகின்றமையின், இத்திருத்தம் தொண்டின் இயல்போடு முற்றும் ஒத்ததே.

இரண்டமைப்பும் தொண்டர்களால் ஆயவை. திசம்பர் 6ஆம் நாளையே இரண்டும் தத்தம் நாளாகக் கொண்டாடுகின்றன. அதனாற் பொதுமக்கள் ஒன்றை மற்றொன்றாகக் கருதுதல் வியப்பன்று. ஒன்றன் பெயரிற் காவலும் படையும் உள. மற்றதன் பணியிற் படைத்தன்மையே இல்லை. வார்டன் என்பதற்குக் 'காவலர்' என்று பெயர்த்தால் போலீசாரே நினைவுக்கு வருவர். மாணவர் விடுதிகளில் அப்பதவியினரைக் 'காப்பாளர்' என முன்னரே வழங்குகின்றோம். தெருவுக்கு உரியவரையும் 'தெருக்காப்பாளர்' எனலாம்.