கூண்டுக்குள் பானை வைக்கும் முன்

இளம் கிளி ஜோடி ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டால், அக்கம்பக்கத்தார் முதலில் கேட்பது "குஞ்சு எப்போ பொரிக்கும்?" என்பதுதான். சேக்காடு, பட்டாபிராம், ஆவடிப் பக்கத்து மாடி வீடுகளில் ஒரு மண்பானையை வாங்கிக் கூண்டில் கட்டிவிடுவதே இதற்குப் பதிலாகிவிடுகிறது. ஜோடி என்றால் குடும்பம் நடத்தத்தானே என்கிறோம். ஆனால் கிளி பொந்தில் முட்டையிடும் பறவை. பொந்தோ பானையோ இல்லாத கூண்டில் பெரும்பாலும் முட்டையிடாது. ஆகவே குஞ்சு வேண்டுமா என்று முடிவெடுப்பது பறவையல்ல, பானையைக் கட்டும் கை. பிறக்கப்போகும் ஒவ்வொரு குஞ்சுக்கும் அதன் ஆயுள் முழுக்க இடம் உண்டு என்று உறுதியாகத் தெரியாதவரை அந்தப் பானை வேண்டாம் என்பதே என் கட்சி.

அதற்கு முன், கூண்டில் இருப்பது எந்தக் கிளி? நம் ஊர்ப் பச்சைக்கிளி என்றால் பேச்சே இல்லை; அதைப் பிடிப்பதும் விற்பதும் மட்டுமல்ல, வளர்ப்பதே குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் பச்சைக்கிளி அதன் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. இரண்டு பெரிய பச்சைக்கிளிகளை வளர்த்ததற்காக நடிகர் ரோபோ சங்கருக்கு வனத்துறை இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் விதித்ததும் 2023இல்தான். வெளிநாட்டுக் கிளிகளிலும் எல்லாம் ஒன்றல்ல. சாதாரண லவ் பேர்ட்ஸுக்கும் காக்டெய்லுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. சன் கொன்யூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, ஆப்பிரிக்க லவ் பேர்ட்ஸில் சில வகைகள் ஆகியவற்றை 2024ஆம் ஆண்டு விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்; குஞ்சு பிறந்தாலும் தெரிவிக்க வேண்டும். சாம்பல் கிளியை இனப்பெருக்கம் செய்ய உரிமமே தேவை.

சட்டம் தடுக்காத லவ் பேர்ட்ஸையே எடுத்துக்கொள்வோம். நம் கடைகளில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர். ஐந்தாறு மாதத்திலேயே அது இணைசேரத் தயாராகிவிடும், ஆனால் அதற்குள் உடம்பு முற்றியிருக்காது. சின்ன வயதுப் பெட்டைக்கு, அதிலும் வெறும் தினையையே தின்று சுண்ணாம்புச் சத்து குறைந்த பெட்டைக்கு, முட்டை வெளிவராமல் அடைத்துக்கொள்ளும் ஆபத்து அதிகம். பறவை உடலை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்துவிடும். உடனே வைத்தியம் கிடைக்காவிட்டால் ஓரிரு நாளில் செத்தும் போகலாம். ஆவடியிலிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு ஓடுவதற்குள் காலம் கடந்துவிடக்கூடும். லவ் பேர்ட்ஸுக்கு ஒரு வயது, காக்டெய்லுக்கு ஒன்றரை வயது ஆகட்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வது இதனால்தான். ஒரே கூண்டிலிருந்து பிடித்துக் கொடுத்த ஜோடி அண்ணன் தங்கையாகவும் இருக்கலாம், இரண்டுமே பெட்டையாகவும் இருக்கலாம். வளர்ந்த பட்ஜெரிகரில் பொதுவாக ஆணுக்கு மூக்குத்தசை நீலம், பெட்டைக்குப் பழுப்பு. குஞ்சுப் பருவத்தில் அது தெளிவாகத் தெரியாது. ஆப்பிரிக்க லவ் பேர்ட்ஸிலோ பல வகைகளில் கடைசிவரை கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இறகைக் கொடுத்து மரபணுச் சோதனைதான் செய்ய வேண்டும்.

"இயற்கையைத் தடுப்பது பாவமில்லையா?" என்பார்கள். மதிக்க வேண்டிய கேள்விதான், ஆனால் இயற்கையில் நடப்பது வேறு. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் மழை பெய்து, புல் விதை பிடிக்கும்போதுதான் பட்ஜெரிகர் முட்டையிடும். வறட்சி வந்தால் நிறுத்திக்கொண்டு கூட்டமாக வேறிடம் பறந்துவிடும். கூண்டிலோ தினைக் கிண்ணம் என்றைக்கும் காலியாவதில்லை, பானையும் தொங்குகிறது. அந்தப் பறவைக்கு மழைக்காலம் முடிவதே இல்லை. ஓர் ஈட்டுக்கு நாலு முதல் ஆறு முட்டை. அடைகாக்கப் பதினெட்டு நாள். பொரித்த குஞ்சு ஐந்து வாரத்தில் வெளியே வரும். முதல் ஈட்டுக் குஞ்சுகள் பானையைக் காலி செய்வதற்குள்ளேயே சில பெட்டைகள் அடுத்த ஈட்டைத் தொடங்கிவிடும். வருடத்துக்கு மூன்று ஈடு என்று வைத்தாலே பன்னிரண்டு குஞ்சாவது வரக்கூடும், அவையும் ஆறு மாதத்தில் தங்களுக்குள்ளேயே ஜோடி சேரும். இந்தப் பெருக்கத்தை இயற்கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விற்றால் காசு வருமே என்பது அடுத்த வாதம். லவ் பேர்ட்ஸ் ஜோடி சில நூறு ரூபாய்தான், கடைக்காரர் வீட்டுக் குஞ்சுக்குக் கொடுப்பது அதைவிடக் குறைவு. தினை, கணவாய் ஓடு, பெரிய கூண்டு என்று கணக்குப் போட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது. விலை கூடிய இனமென்றால் ஆயுளும் கூடும்: காக்டெய்ல் பதினைந்து வருடத்துக்கு மேலும் வாழும், கொன்யூர் இருபதைத் தாண்டும். அத்தனை காலம் யார் வீட்டில்? பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்பதும் நல்ல ஆசைதான். ஆனால் தகர ஷீட் போட்ட மாடியில் அக்னி நட்சத்திரக் காலத்தில் பானைக்குள் குஞ்சுகள் வெந்து சாவதும் அந்தப் பாடத்தில் வந்து சேரும். மிஞ்சுவதைச் சேக்காடு ஏரிப் பக்கம் பறக்கவிடலாம் என்றால், கூண்டில் பிறந்த வண்ணக் குஞ்சைக் காக்கையும் வல்லூறும் விட்டுவைக்காது.

வயது நிறைந்து, உறவில்லாத ஜோடிதான் என்று தெரிந்து, குஞ்சுகளை வாங்கிக்கொள்ள ஆட்களும் உறுதியாக இருந்தால் ஒரே ஓர் ஈடு எடுங்கள், பிறகு பானையைக் கழற்றிவிடுங்கள். பானையில்லாமலே முட்டையிட்டுவிட்டால் எடுத்து வீசாதீர்கள். குறைந்ததை ஈடுகட்டப் பெட்டை மேலும் மேலும் இட்டு மெலிந்துபோகும். வேகவைத்து ஆறவைத்த முட்டையையோ பிளாஸ்டிக் முட்டையையோ மாற்றி வைத்தால், சில வாரத்தில் அதுவே சலித்து எழுந்துவிடும். உங்கள் கூண்டில் இப்போது பானை தொங்கினால், உள்ளே முட்டையும் குஞ்சும் இல்லாத நாள் பார்த்துக் கழற்றி வையுங்கள்.