எண்களுக்குள் ஒரு கிடார்

சங்கத்துப் பிள்ளைகள் பலர் வீணை, வயலின் என்று போக, என் பையன் கிடாரைப் பிடித்துக்கொண்டான். புனேயில் எங்கள் பேட்டையில் அப்போது சொல்லித்தர ஆள் இல்லை. ‘கிடார் ப்ரோ’ என்ற மென்பொருள்தான் வாத்தியார்.

பிரான்ஸின் அரோபாஸ் மியூசிக் நிறுவனத்தார் 1997-இல் தொடங்கியது அது. திரையில் ஆறு கோடுகள், ஆறு தந்திகள். கோட்டின் மேலுள்ள எண், எந்த மெட்டில் விரல் வைப்பது என்று சொல்லும். இதற்கு டேப்லேச்சர் என்று பெயர். முதல் தந்தியைச் சும்மா மீட்டினால் வரும் ஸ்வரமே இரண்டாம் தந்தியின் 5-ஆம் மெட்டிலும், மூன்றாம் தந்தியின் 9-ஆம் மெட்டிலும் பிறக்கும். எங்கே வாசிப்பது என்பதை எண்தான் காட்டிக்கொடுக்கும்.

எண்ணை ஒலிக்கச் செய்தது மிடி. மிடி ஒலியல்ல, வெறும் உத்தரவு: ‘26-ஆம் வாத்தியம், இன்ன ஸ்வரம், இவ்வளவு நேரம்’. 26 என்றால் இரும்புத் தந்திக் கிடார் என்பது 1991-இல் வகுத்த பட்டியல். அது எப்படி ஒலிக்கும் என்பது அவரவர் கணினியின் பாடு. விண்டோஸோடு வரும் ஒலித்தொகுப்பு மூன்று எம்.பி. சொச்சம்தான், அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட வாத்தியங்கள்! கிடார் எப்படி இருக்கும்? “அந்தக் கொசுவை நிறுத்துடா” என்பாள் என் சகதர்மிணி.

2005-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ரியலிஸ்டிக் சவுண்ட் என்ஜின் சேர்ந்தது. நிஜக் கிடாரை ஸ்வரம் ஸ்வரமாகப் பதிவு செய்து வைத்து, எண்ணுக்கேற்ற பதிவை எடுத்து ஒலிக்கும். கிடார், பேஸ், டிரம்ஸுக்குத்தான் இந்த உபசாரம். மற்றவை பழைய மிடியிலேயே. எங்கள் கணினி திணறும். ஆனாலும் முதல் நாள் அவள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, “நீயாடா வாசிக்கிறே?” என்றாள்.

பையன் பதில் சொல்லவில்லை. அதன்பின் கிடார் சுவரில் தொங்கியது. இவன் எண்களைத் தட்டிக்கொண்டிருந்தான். இரண்டு மாதம் கழித்து, “மெஷின் என்னைவிட நல்லா வாசிக்குதுப்பா” என்றான். நான் என்ன சொல்ல? அவனே அந்த ஒலியை அணைத்துவிட்டுக் கொசுவுக்குத் திரும்பினான். அதற்கு மேலே வாசித்தால் தன் கிடார் தனக்குக் கேட்கிறதாம்.

பிறகு அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க் பழுதாகி, ஒலித்தொகுப்பு போயிற்று. அவன் பதினாறு வயதில் எழுதிய மெட்டு மட்டும் ஒரு சி.டி.யில் தங்கியது. எண்கள்தானே, சில கே.பி. பிடித்திருந்தது. பையன் இப்போது வெளியூரில். போன மாதம் டக்ஸ்கிடார் என்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்தேன். அவள் நின்று கேட்டாள்.

“அதே கொசு,” என்றாள். “இன்னொரு தடவை போடுங்க.”